பிரிவு இருபத்தேழு

பெரியபட்டினம்
20 ஜூன் 2025

தம்பி ஸுஹைருக்கு, மதினி மலிகாவின் ஸலாம்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் நாலாவது வார்த்தையில் சண்டைக்குப் போய்விடுகிறோம். வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் உன் அறையில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும். அதனால்தான் இந்த மெயில். நிதானமாகப் படி. படித்து முடித்த பிறகு கோபப்படு.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவருகிறார்கள். மசோதா இப்போது நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்றின் கையில் இருக்கிறது. அந்தக் குழு ஓர் இணையதளம் திறந்திருக்கிறது. மசோதாவைப் பிரிவு பிரிவாகப் போட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். தமிழில் எழுதலாம். எழுத வராதவர்கள் பேசிப் பதிவு செய்யலாம். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த மத்தியான நேரத்தில், பில் போடுகிற கம்ப்யூட்டரிலேயே முழுவதும் படித்தேன்.

பிரிவு இருபத்தேழு நம் வீட்டுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. தமிழாக்கம் மெஷின் செய்தது என்று கீழே போட்டிருக்கிறது. தலைப்பு என்ன தெரியுமா? ‘மரண மிச்சங்களை அனுப்பிவைத்தல்.’ சிரித்துவிட்டேன். உடலைத்தான் அப்படிச் சொல்கிறது என்று புரிந்ததும் கடையைப் பக்கத்துக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். எனக்கு மிச்சம்கூட வரவில்லையே.

அந்தப் பிரிவில், தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், உடலை அனுப்பவோ அங்கேயே அடக்கவோ உதவ வேண்டும் என்று இருக்கிறது. அத்தோடு முடிந்தது. எப்படி இறந்தார் என்பதை யார் சொல்ல வேண்டும்? ஒரு வரி இல்லை.

போன வருஷம் ஜூலையில் உன் காக்கா, என் கணவர் ஹாஜா முகைதீன், உச்சி வெயிலில் சரக்குக் கிட்டங்கிக் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உங்கள் கேம்ப் முழுக்கத் தெரியும். காகிதத்தில் ‘இயற்கை மரணம்’ என்று இருக்கிறது. கேட்கிற இடத்திலெல்லாம் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுகிறார்கள். முப்பத்தெட்டு வயது ஆளுக்குத் தகரக் கூரை மேல் எந்த இயற்கை வந்தது?

நான் எழுதப் போகிறேன். அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. நீயும் எழுது என்று கேட்கிறேன். நான் இங்கிருந்து கேள்விப்பட்டவள். நீ அவரைக் கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன்.

உம்மா சுகமாக இருக்கிறார்கள். உன் போனை எதிர்பார்க்கிறார்கள்.

மலிகா


தம்மாம்
24 ஜூன் 2025

மதினிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நிதானமாகத்தான் படித்தேன். அப்படியும் கோபம் வந்தது.

உங்களுக்கு அது கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி. எனக்கு அது வேலை. என் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அக்டோபரில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. ஸ்டோரில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து ஆணி எண்ணுகிற வேலை எனக்குக் கிடைக்க எத்தனை வருஷம் ஆனது என்று உங்களுக்குத் தெரியும். தமிழில் எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் சூப்பர்வைசர் நாகேந்திரன் பரமக்குடிக்காரர். ஊர் குரூப் எல்லாவற்றிலும் இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எழுத்தில் சொல்வது எளிதாக இருக்கிறது. காக்கா மௌத்தான மூன்றாம் நாள் போனில் நீங்கள் சொன்னீர்கள்: “நீதான் அவசரப்பட்டு அடக்கிப்புட்ட.” உங்களைக் கேட்டுத்தான் செய்தேன். சரி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் சம்மதக் காகிதத்தைக் கொடுத்தேன். ஜனாஸாவைத் தோளில் வைத்துக்கொண்டு போனது நான். குழிக்குள் இறங்கி முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தது நான். அதற்கு எனக்குக் கிடைத்த வார்த்தை அது.

எழுதியே தீருவேன் என்றால் எழுதுங்கள். கம்பெனி பேர் வேண்டாம், ஊர்ப் பேர் வேண்டாம், என் பேர் அறவே வேண்டாம். சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தால் காக்கா எழுந்து வரப்போவதில்லை.

உம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பேசுகிறேன்.

ஸுஹைர்


பெரியபட்டினம்
6 ஜூலை 2025

தம்பி ஸுஹைருக்கு,

அந்த வார்த்தையைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எனக்குள் இன்னும் ஆறவில்லை. ஆறாததைப் பற்றி எழுதினால் இன்னொரு வார்த்தை கூடுதலாக விழும்.

நான் அனுப்பிவிட்டேன். கம்பெனி பேர் இல்லை, உன் பேர் இல்லை. காக்கா பேரும் என் பேரும் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன்னால் உம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஜமாஅத்தில் யாரோ ‘பொம்பளை பேரு இன்டர்நெட்டுல ஊரெல்லாம் போகப்போகுது’ என்று பேசியது அவர்கள் காதுக்கும் வந்திருக்கிறது. என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். “பேசுறவன் வீட்டுல மௌத்து விழல. நீ அனுப்பு” என்றார்கள்.

நான் கேட்டது இவ்வளவுதான்: தொழிலாளி இறந்தால், அன்று அவர் என்ன வேலையில் இருந்தார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் பார்த்தார்கள் என்று எழுதிய அறிக்கையைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். இதைப் பிரிவு இருபத்தேழில் சேர்க்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் கதையே. நான் எழுதியதைப் பெண்கள் குரூப்பில் போட்டேன். பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கெங்கோ இருந்து பெண்கள் அதை அப்படியே எடுத்துத் தங்கள் பேரில் ஒட்டி அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் தளத்தைத் திறந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கருத்தாக நிற்கிறது. உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். ஒரே வாசகம் எத்தனை பேர் அனுப்பினாலும் ஒன்றாகத்தான் சேர்ப்பார்களாம். யாரோ ஆள் வைத்து ஆயிரம் கருத்துப் போட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக அப்படி. யோசித்தால் சரிதான். ஆனால் ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். “என்னைய மாதிரி எழுதாதீங்க. உங்க வீட்டுல என்ன நடந்துச்சோ அதை மட்டும் உங்க வாயால பேசுங்க.” பாதிப் பேர் தயங்கினார்கள். பேசினவர்கள் பேசினார்கள். அவையெல்லாம் தனித்தனியாக நிற்கின்றன.

உத்தரகோசமங்கைப் பக்கம் சேதுலட்சுமி என்று ஒருத்தி. மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகிறவள். அவள் புருஷன் அருள்முருகன் ஒட்டகம் மேய்க்கப் போன இடத்தில் இறந்து, பல மாதம் கழித்துப் பெட்டி வந்தது. அவள் பேச வேண்டும் என்று பஸ் ஏறி இராமநாதபுரம் இ-சேவை மையத்துக்கு வந்தாள். நானும் போனேன். ஆதார் நம்பரைப் போட்டதும் ஓடிபி வர வேண்டும். வரவில்லை. மறுபடி போட்டோம். வரவில்லை.

“எந்த நம்பருக்குப் போகுது?” என்று மையத்து ஜோதிகா கேட்டாள்.

சேதுலட்சுமி எட்டிப் பார்த்தாள். “இது அவரு நம்பருல்ல. ஆதாரு எடுக்கையில அவரு நம்பரத்தான் குடுத்தோம். அந்த சிம்மு அவரோடயே போச்சு.”

நாடாளுமன்றம் அவளுக்கு அனுப்பிய ஓடிபி செத்துப்போன ஒருத்தரின் போனைத் தேடிப் போயிருக்கிறது. நம்பரை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். “திங்கக்கெழம திரும்ப வாரேன்க்கா” என்றாள். ஒரு நாள் கூலி போகும். வந்தாள்.

மலிகா


தம்மாம்
15 ஜூலை 2025

மதினி,

நான் சொன்னது நடந்துவிட்டது.

உங்கள் கருத்தை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊர் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். காக்கா பேர் போட்ட பிறகு கம்பெனி பேர் எதற்கு? நாகேந்திரன் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். போனைக் காட்டினார்.

“ஏலே ஸுஹைரு, இது ஒங்க மதினியா?”

“ஆமாண்ணே.”

“நீ சொல்லித்தான் எழுதுனாங்களா?”

“இல்லண்ணே.”

“சரி, போ.”

அவ்வளவுதான் பேச்சு. திட்டவில்லை, மிரட்டவில்லை. மறுநாள் காலையில் ஸ்டோருக்குப் போனால் என் நாற்காலியில் வேறு ஆள். என்னை வெளி சைட்டில் போட்டிருக்கிறார்கள். கூரை வேலை.

அந்தத் தளத்தில் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும். உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஸுஹைர்


பெரியபட்டினம்
17 ஜூலை 2025

தம்பி,

உன் மெயில் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். ‘கருத்தைத் திரும்பப் பெறு’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. விரலைக் கொண்டுபோனேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உம்மாவுக்கு நீ ஒரே பிள்ளையாக மிஞ்சியிருக்கிறாய். நீ கூரையில் நிற்கிறாய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது ஆனால் நான் யாரிடம் போய் எந்த அறிக்கையைக் கேட்பேன்?

இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் விரலை எடுத்துவிட்டேன். திரும்பப் பெறமாட்டேன் ஸுஹைர். உன்னை வெயிலில் நிறுத்தியது நான் எழுதிய நாலு வரி இல்லை. கேட்கிற குடும்பம் வாயை மூடிக்கொள்ளும் என்கிற தைரியம்தான் நிறுத்தியிருக்கிறது. நான் இப்போது வாயை மூடினால் அந்தத் தைரியம் சரியென்று ஆகிவிடும். நீ என்னை வெறுத்தாலும் சரி.

நேற்றுக் குழுவின் செயலகத்திலிருந்து மெயில் வந்தது. இருபத்தேழாம் பிரிவுக்குக் கருத்துச் சொன்னவர்களில் சிலரைக் குழு நேரில் கேட்க விரும்புகிறதாம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் வீடியோ அறை இருக்கிறது, அங்கிருந்து பேசலாம், மொழிபெயர்க்க ஆள் உண்டு. என்னையும் சேதுலட்சுமியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில்.

உன் பேர் என் வாயில் வராது. அது சத்தியம். ஆனால் பேசுவேன்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு போகிறாயா? தலையில் ஈரத்துணி கட்டு.

மலிகா


தம்மாம்
3 ஆகஸ்ட் 2025

மதினிக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வெறுப்பெல்லாம் இல்லை. சலிப்புத்தான்.

கூரைக்கு வந்த முதல் வாரம் உங்கள் மேல்தான் கோபம். இரண்டாவது வாரம் காக்காவைப் பற்றியே நினைப்பாக இருந்தது. ஸ்டோரில் இருந்தபோது அவர் சாயங்காலம் வந்து கட்டிலில் விழுவதைப் பார்த்திருக்கிறேன், “என்ன காக்கா, சாப்பிடாம படுத்துட்டீங்க” என்று கேட்டிருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது, பசி இருக்காது. வாயைத் திறந்து மெல்லுவதே ஒரு வேலை மாதிரி இருக்கும். தகரத்தில் முழங்காலை வைத்தால் பேண்டைத் தாண்டிச் சுடுகிறது. ஸ்க்ரூ போடுகிற மெஷினைக் கையுறையோடு பிடித்தாலும் கொப்புளம் வருகிறது.

சட்டத்தைப் பற்றி நீங்கள் நம்பிக்கையோடு எழுதுகிறீர்கள். இங்கேயும் சட்டம் இருக்கிறது மதினி. நல்ல சட்டம். கோடையில் மத்தியானம் மூன்று மணி நேரம் வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது. பல கம்பெனிகள் அதை மதிக்கின்றன. எங்கள் சைட்டில் இன்ஸ்பெக்டர் வண்டி கண்ணில் பட்டால் எல்லோரையும் நிழலுக்கு இறக்குவார்கள். வண்டி போனதும் ஏறச் சொல்வார்கள். காக்கா விழுந்ததும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான்.

அதனால் சொல்கிறேன், அறிக்கை கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டால் பத்தாது. கம்பெனியே உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிடும். ‘அன்று அவர் ஓய்வில் இருந்தார்’ என்று எழுதுவார்கள். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்க வேண்டும். வேறு சைட்டுக்கு மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். காக்காவோடு கூரையில் இருந்த நாலு பேரையும் அந்த வாரமே நாலு திசைக்கு அனுப்பிவிட்டார்கள். இதை அங்கே சொல்லுங்கள்.

நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

ஈரத்துணி கட்டுகிறேன்.

ஸுஹைர்


பெரியபட்டினம்
30 ஆகஸ்ட் 2025

தம்பி ஸுஹைருக்கு,

நேற்று முன்தினம் பேசினோம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சேதுலட்சுமி காலையிலேயே வந்து கலெக்டர் ஆபீஸ் வாசல் வேப்ப மரத்தடியில் நின்றாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. “டிவியில வருமாக்கா?” என்றாள். வராது என்றேன். “அப்பச் சரி” என்றாள், ஆனால் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் சின்னச் சின்னக் கட்டங்களில் உறுப்பினர்கள். நடுவில் தலைவர், ஒரு அம்மா. மொழிபெயர்ப்பவர் தமிழ்ப் பெண்தான். முதலில் எங்கள் குரல் அங்கே கேட்கவில்லை. பிறகு அவர்கள் குரல் இங்கே இரண்டு தடவை கேட்டது. எல்லாம் சரியாகி என் பேரைக் கூப்பிட்டார்கள்.

காக்காவைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியதையும் சொன்னேன், எனக்கே தோன்றியது மாதிரி. கூட இருந்தவர்களைக் கேட்காமல் எழுதுகிற அறிக்கைக்கு அர்த்தமில்லை என்றதும் இரண்டு மூன்று பேர் குனிந்து குறித்துக்கொண்டார்கள்.

அப்போது ஓர் உறுப்பினர் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் கத்தி மாதிரி இருந்தது. “உடலை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்தது நீங்கள்தானே அம்மா? சம்மதம் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரணை கேட்டால் எப்படி?”

ஒரு வருஷமாக நான் உன்னைக் கேட்ட கேள்வி அது. அதையே என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

“ஐயா, சம்மதிச்சது நாந்தான். என் கொழுந்தன் போன்ல கேட்டாரு, நான் சரின்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்லை, என் மேலயும் இல்லை. அவரு உடம்பை அங்கன அடக்கத்தான் சம்மதிச்சேன். அவரு எப்படிச் செத்தாருங்கிறதை அடக்கச் சம்மதிக்கல” என்றேன்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று. உன் பேரைச் சொல்லவில்லை. கொழுந்தன் என்று மட்டும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்.

அடுத்து சேதுலட்சுமி. பெட்டி வந்ததும் என்ன செய்தீர்கள் என்று தலைவர் கேட்டார்.

“தொறக்காதீகன்னு சொன்னாக. தொறக்கல. பேரு ஒட்டியிருந்துச்சு. அவருதான்னு நம்பிப் பொதைச்சோம்” என்றாள். அத்தோடு முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். மைக்கைப் பக்கத்தில் இழுத்து, “இன்னைக்கும் யாராச்சும் வாசல்ல வந்து கூப்பிட்டா, கையில இருக்கத போட்டுட்டு ஓடிப் போயித்தான் பாக்குறேன்” என்றாள்.

மொழிபெயர்க்கிற பெண் அதை அப்படியே இந்தியில் சொன்னார்.

கடைசியில் தலைவர் அம்மா ஒன்று சொன்னார்கள். குடும்பங்கள் எழுதியிருக்கின்றன, ஏஜென்சிகள் எழுதியிருக்கின்றன, வக்கீல்கள் எழுதியிருக்கிறார்கள். இப்போது அங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை, ஏன் என்று கேட்டார்கள். வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி போகாதுங்கம்மா என்று நான் சொன்னேன். அங்கேயே யாரையோ கூப்பிட்டுப் பேசினார்கள். வெளிநாட்டு நம்பரோடும் பாஸ்போர்ட் நம்பரோடும் நுழைய வழி செய்து, தொழிலாளர்களுக்காக மட்டும் தளத்தை இரண்டு வாரம் மறுபடி திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேரை மறைக்கவும் வசதி உண்டாம்.

இதை உனக்குத் தகவலாகத்தான் எழுதுகிறேன். ஜூன் மாதம் கேட்ட மாதிரி இப்போது கேட்க மாட்டேன். கூரையில் நிற்கிறவன் நீ.

மலிகா


தம்மாம்
14 செப்டம்பர் 2025

மதினிக்கு, அன்புள்ள ஸலாம்.

“அவரு மேல ஒரு தப்பும் இல்லை.” அந்த இடத்தைப் படித்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில் ஜெய்னுலாபுதீன், தொண்டிக்காரர், “ஊருல ஏதும் மோசமா?” என்று பதறிவிட்டார். இல்லை, நல்ல சேதி என்றேன்.

அவரிடம்தான் முதலில் தளத்தைக் காட்டினேன். பிறகு அறையில் மற்றவர்களுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே விவாதம். ஒருத்தர், இது வேலைக்கு உலை என்றார். இன்னொருத்தர், ஏற்கெனவே உலைக்குள்தானே இருக்கிறோம் என்றார். பீகார்க்காரர் ஒருத்தர் தன் மொழியில் பிரிவைத் திறந்து சத்தமாகப் படித்தார். நானும் தமிழில் திறந்தேன். மதினி, ‘மரண மிச்சங்கள்’ போய்விட்டது. ‘இறந்தவரின் உடல்’ என்று திருத்தியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிச் சொன்னீர்களா? சொல்லியிருப்பீர்கள்.

மூன்று பேர் பேரை மறைத்துப் பதிவு செய்தார்கள். அவர்கள் பயம் எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஜெய்னுலாபுதீன் பேசத் தொடங்கி, அழுகை வந்து நிறுத்திவிட்டு மறுநாள் பேசினார்.

நான் பேரை மறைக்கவில்லை. பேரில்லாமல் ‘ஒருவர் கூரையில் சுருண்டு விழுந்தார்’ என்று சொன்னால் அது யாருக்கோ நடந்த கதை மாதிரி இருக்கும். ஹாஜா முகைதீன் என் கூடப்பிறந்த காக்கா என்று ஆரம்பித்தேன். கூரையில் கூட இருந்தவர்கள் அன்றே என்னிடம் சொன்னபடி, மத்தியானத் தடை நேரத்தில் ஏறச் சொன்னதையும், அவர் தலை சுற்றுகிறது என்று சொன்னதையும், இதோ முடிந்துவிடும் என்று நிறுத்தி வைத்ததையும், ஆஸ்பத்திரியில் அவர் உடம்பு அடுப்புக் கல் மாதிரி இருந்ததையும் சொன்னேன். பார்த்ததைச் சொல்கிற தொழிலாளிக்கு வேலை போகாமல் பாதுகாப்பு வேண்டும் என்றும் கேட்டேன். அனுப்பிய அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நாகேந்திரனுக்குத் தெரியாமல் இருக்குமா? சைட்டில் என் பக்கத்தில் வந்து நின்றார். “நான் ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்லல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரினியூவல் லிஸ்ட்டுல ஒன் பேரு இல்லடா. எங்கையில ஒண்ணுமில்ல” என்றார். பாவம், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

கணக்கெல்லாம் முடித்து பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க டிசம்பர் ஆகும் என்கிறார்கள். உம்மாவிடம் லீவில் வருகிறேன் என்று சொல்லுங்கள். மீதியை நான் வந்து சொல்கிறேன்.

ஸுஹைர்


பெரியபட்டினம்
12 டிசம்பர் 2025

தம்பி ஸுஹைருக்கு,

குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டுவிட்டது. தளத்திலும் போட்டிருக்கிறார்கள். கடையில் ஆட்கள் நிற்க நிற்கத் திறந்துவிட்டேன். இருமல் மருந்து கேட்டவர் இரண்டு தடவை இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

இருபத்தேழாம் பிரிவுக்குத் திருத்தம் பரிந்துரைத்திருக்கிறார்கள். இறப்பு நேர்ந்த சூழ்நிலை பற்றிய அறிக்கை குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுச் சேர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. அது உன் வரி. தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்பு என்று நீ கேட்டதை மட்டும் ஏற்கவில்லை. அது அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். பார்த்ததைச் சொன்னதற்குத்தான் உன் வேலை போயிருக்கிறது. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

சேதுலட்சுமிக்குப் போனில் படித்துக் காட்டினேன். ‘சூழ்நிலை குறித்த அறிக்கையை இயன்றவரை குடும்பத்துக்கு அளித்தல் வேண்டும்.’

“இயன்றவரைன்னா என்னக்கா?”

“முடிஞ்சா குடுப்பாகன்னு அர்த்தம்.”

“முடியலன்னா?”

அவளே சொன்னாள்: “அப்ப அந்தச் சொல்ல எடுக்கணும்க்கா. அடுத்து எப்பக் கூப்பிடுவாக?”

அடுத்து அரசு பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு திருத்திய மசோதா சபைக்கு வரும். ஏற்கவும் செய்யலாம், அப்படியே கிடப்பில் போடவும் செய்யலாம். நான் விட மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக அமைச்சகத்துக்கு எழுதிவிட்டேன். நம் தொகுதி எம்பி ஆபீசில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். சேதுலட்சுமியும் வாரேன் என்றிருக்கிறாள். தேவிபட்டினத்திலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள்.

உம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “வேலை போனா போகுது, புள்ள முழுசா வாரான்ல” என்றார்கள். எந்த பிளைட் என்று எழுது.

மலிகா


தம்மாம்
17 டிசம்பர் 2025

மதினிக்கு,

சனிக்கிழமை திருச்சியில் இறங்குகிறேன். வண்டி வைக்க வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அறிக்கையை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தங்கள் சொல் டெல்லிக் காகிதத்தில் இருக்கிறது என்பதை ஜெய்னுலாபுதீன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். வேலை போனதற்கு எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. நேற்று பெட்டி கட்டும்போது ஒரு பயம் வந்தது. போகட்டும். ஊரில் கை கால் அசைத்தால் பிழைக்கலாம். எம்பி ஆபீசுக்கு அடுத்த தடவை போகும்போது நானும் வருகிறேன். வாக்குமூலம் என்று எழுதியிருக்கிறார்களே, அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று என்னால் நேரிலேயே சொல்ல முடியும்.

இன்று காலையில் காக்காவை அடக்கிய மையவாடிக்குப் போனேன். இங்கே கபுருக்குப் பேர் வைப்பதில்லை, ஒரு கல் மட்டும்தான். வரிசை எனக்குத் தெரியும். பக்கத்தில் புதிதாக நிறையக் கல் முளைத்திருந்தது. எந்த ஊர்ப் பிள்ளைகளோ. எல்லோருக்குமாகச் சேர்த்து துஆ ஓதினேன்.

பிறகு காக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன்: “காக்கா, நீங்க எப்படி மௌத்தானீங்கன்னு மதினி சபையில சொல்லிட்டாங்க. நானும் சொல்லிட்டேன். நான் ஊருக்குப் போறேன்.”

ஸுஹைர்